மருத்துவ இயற்பியலில் பிஎச்.டி.: சேருங்கள், ஆனால் அந்தத் தலைப்பில் வேண்டாம்

கேள்வி: மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, பயிற்சியும் முடித்து, ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 4 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். காலையில் லினாக் (கதிர் கொடுக்கும் இயந்திரம்) சோதனை, பகலில் சிகிச்சைத் திட்டங்கள், மாலையில் நோயாளி வாரியான தரச் சோதனை. இதற்குமேல் வளர பிஎச்.டி. இருந்தால்தான் முடியும் என்கிறார்கள் சிலர். “மருத்துவமனை வேலைக்கு அது எதற்கு?” என்கிறார் எங்கள் துறைத் தலைவர். தெரிந்த பேராசிரியர் ஒருவர், செயற்கை நுண்ணறிவில் ஒரு தலைப்புத் தருவதாகவும் வேலையை விடாமல் பகுதிநேரமாகவே சேரலாம் என்றும் சொல்கிறார். புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் சிடி படங்களில் உறுப்புகளைத் தானாக வரையும் மென்பொருள்தான் தலைப்பு. எனக்கு வயது 31. சேரட்டுமா? இன்னொன்று: என் சித்தி மகன் துகள் இயற்பியலில் பிஎச்.டி. முடிக்கப்போகிறான். அவனும் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறான். முடியுமா? – ஒரு வாசகி

பதில்: சேருங்கள். ஆனால் அந்தத் தலைப்பில் வேண்டாம். அவர் சொல்லியிருக்கும் ஏற்பாட்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

துறைத் தலைவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் உங்களைத் தடுக்கிறார் என்று நினைக்காதீர்கள். நோயாளியின் சிகிச்சைத் திட்டத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் தகுதி பிஎச்.டி.யால் வருவதில்லை. மூத்தவர்களின் மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சி, அதன்பின் தேர்வு அல்லது பதிவு என்று அதற்குத் தனி வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2014க்குப் பிறகு சான்றுத் தேர்வுக்கு வருகிறவர்கள், மருத்துவ இயற்பியல் கல்வியை மதிப்பிடும் கேம்பெப் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியை (மருத்துவமனைப் பயிற்சி) முடித்திருக்க வேண்டும். பொதுவாக அது 2 ஆண்டு. பிரிட்டனில் 3 ஆண்டுப் பயிற்சித் திட்டம், பிறகு ‘கிளினிக்கல் சயன்டிஸ்ட்’ என்ற பதிவு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் துறைசார் கல்லூரி ஒன்று பயிற்சியையும் தேர்வையும் நடத்துகிறது. எங்கும் முதுகலையோடு இந்த வழியில் போக முடியும். முனைவர் பட்டத்தைக் காட்டி இந்தப் பயிற்சியிலிருந்து விலக்குக் கேட்க முடியாது. எத்தனையோ நல்ல மருத்துவ இயற்பியலாளர்கள் எம்.எஸ்சி.யோடு ஓய்வுபெறும்வரை வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட லினாக்கில் என் வீட்டாரைப் படுக்க வைக்க நான் தயங்கமாட்டேன்.

ஐரோப்பாவில் ஒரு சிறு குழப்பம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ‘மருத்துவ இயற்பியல் நிபுணர்’ என்ற நிலையை, ஐரோப்பிய அணுசக்திச் சமூகமான யூராட்டம் 2013இல் கொண்டுவந்த நெறிமுறை வரையறுக்கிறது. ஐரோப்பிய மருத்துவ இயற்பியல் சங்கங்களின் கூட்டமைப்பு அந்த நிபுணத்துவத்தை 8ஆம் தகுதி நிலையில், அதாவது முனைவர் பட்டம் இருக்கும் அதே நிலையில் வைத்துப் பேசுகிறது. இதைப் படித்துவிட்டு, நிபுணர் ஆக பிஎச்.டி. கட்டாயம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கே சொல்லப்படுவது அறிவும் திறனும் இருக்க வேண்டிய உயரம்தான், பட்டச் சான்றிதழ் அல்ல. அமெரிக்காவில் டிஎம்பி என்று இன்னொரு முனைவர் பட்டமும் இருக்கிறது. பாடத்தையும் மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்துக் கட்டிய தொழில்முறைப் பட்டம் அது, ஆய்வுப் பட்டம் அல்ல. பயிற்சி முடித்துவிட்ட உங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அப்படியானால் பிஎச்.டி. எதற்கு? சில கதவுகள் அது இல்லாமல் திறப்பதில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆசிரியப் பணி, மாணவர்களுக்கு நெறியாளராகும் உரிமை, பெரும்பாலான ஆய்வு நிதிகளுக்கு முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிப்பது, கதிர் அளவின் முதன்மைத் தரங்களைப் பேணும் தேசிய அளவியல் ஆய்வகங்கள், சிகிச்சைத் திட்ட மென்பொருளும் டிடெக்டரும் உருவாக்கும் நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள். இவற்றில் எதுவாவது உங்களை இழுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். “இதற்குமேல் வளர முடியாது” என்கிறார்களே, அந்த வளர்ச்சி என்ன என்று அவர்களிடம் கேட்டீர்களா? துறைத் தலைமைதான் என்றால், பிஎச்.டி. செய்யும் அதே ஆண்டுகளில் ஒரு புதிய லினாக்கை அளந்து சோதித்துச் சிகிச்சைக்குத் தயாராக்கும் வேலையை (கமிஷனிங்) முழுப்பொறுப்பில் எடுத்துச் செய்வது பல இடங்களில் அதே அளவுக்குக் கைகொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இடம் வேறு. அன்றாட வேலையை விவரிக்கும்போது மாலைச் சோதனையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். ஆய்வுக்கான கேள்வி அங்கேதான் கிடக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு முன் ஒரு பழைய கதை.

1956இல் கேப்டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் இருந்த இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதிரியக்க ஐசோடோப்புகளைக் கையாள ஒரு தகுதிபெற்ற இயற்பியலாளரின் மேற்பார்வை வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஊரில் இருந்த ஒரே அணுக்கரு இயற்பியலாளர், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆலன் கார்மாக். வாரத்தில் ஒன்றரை நாள் வந்துபோகச் சொன்னார்கள். போன இடத்தில் சிகிச்சைத் திட்டம் போடுவதைப் பார்த்தார். உடம்பு முழுக்க ஒரே சீரான பொருள் என்று வைத்துக்கொண்டு டோஸ் (உடம்பு வாங்கும் கதிர் அளவு) கணக்கிட்டார்கள். எலும்பும் நுரையீரலும் தசையும் கதிரை ஒரே மாதிரியா உறிஞ்சும்? உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வெளியே இருந்து அளந்து கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்தார். அதற்கான கணிதத்தைத் தானே உருவாக்கினார். மரத்தாலான வளையம் சுற்றிய ஓர் அலுமினிய உருளையை வைத்து 1957இல் சோதித்தார். வந்த எண்களில் நடுப்பகுதி மட்டும் கணக்கோடு ஒட்டவில்லை. பட்டறையில் விசாரித்தால், அந்த உருளையின் நடுவில் வேறு தரத்து அலுமினியத்தில் ஒரு முளை இருந்திருக்கிறது. அவருக்கே தெரியாததை அவருடைய கணக்கு கண்டுபிடித்துவிட்டது! 1963லும் 1964லும் கட்டுரைகள் வெளியாயின. கண்டுகொள்வார் இல்லை. வந்த சில விசாரிப்புகளில் சுவையானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது என்று பின்னாளில் நோபல் உரையில் சொன்னார். சிடி ஸ்கேனுக்காக 1979இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இருவருமே பிஎச்.டி. வாங்கியவர்கள் அல்லர்.

பட்டம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கார்மாக்கிடம் இருந்த கேள்வி எந்தத் தலைப்புப் பட்டியலிலிருந்தும் வந்ததல்ல. அவர் பார்த்த வேலையில் எல்லோரும் ‘இப்படித்தான்’ என்று ஏற்றுக்கொண்டிருந்த ஓர் அனுமானம் அவரை உறுத்தியது. மருத்துவ இயற்பியலில் நல்ல ஆய்வேடுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. ஆய்வகத்திலேயே இருப்பவர்களைவிட, 4 ஆண்டு மருத்துவமனையில் இருந்த உங்களுக்கு இதில் வசதி அதிகம்.

இப்போது உங்கள் மாலைச் சோதனைக்கு வருவோம். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி அல்லது விமேட் திட்டத்தை, நோயாளிக்குப் பதிலாக வைக்கும் ஃபேண்டம் என்ற மாதிரியில் ஓட்டி, அளந்த டோஸையும் கணக்கிட்ட டோஸையும் ஒப்பிட்டு, எத்தனை சதவீதப் புள்ளிகள் ஒத்துப்போகின்றன என்ற காமா தேர்ச்சி விகிதம் பார்க்கிறீர்கள். டோஸ் வித்தியாசத்தையும் இட வித்தியாசத்தையும் ஒரே எண்ணாக்கும் அந்த முறை 1998இல் வந்தது. நெடுங்காலம் 3 சதவீதம், 3 மி.மீ. என்பதே வழக்கம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 218ஆம் பணிக்குழு 2018இல் 3 சதவீதம், 2 மி.மீ. என்று இறுக்கி, 95 சதவீதப் புள்ளிகள் தேற வேண்டும் என்றது. 97 வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஆனால் அந்த 97க்கும் நோயாளியின் தண்டுவடத்துக்குப் போகும் டோஸில் உள்ள பிழைக்கும் என்ன உறவு? கதிர்வாரியாகப் பார்க்கும் தேர்ச்சி விகிதம், நோயாளியின் உடலில் மருத்துவரீதியாகப் பொருட்படுத்த வேண்டிய டோஸ் பிழையை முன்கூட்டிச் சொல்வதில்லை என்று 2011லேயே ‘மெடிக்கல் ஃபிசிக்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. வெளியிலிருந்து அனுப்பப்படும் தணிக்கை ஃபேண்டத்தில் தவறிய மையங்கள், தங்கள் சொந்தச் சோதனையில் அதே திட்டத்தைத் தேர்ச்சி என்று குறித்திருந்ததும் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு மாலையும் நாம் எதைப் பிடிக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம்? எந்தத் திட்டங்களை அளந்தே ஆக வேண்டும், எவற்றைத் தனிக் கணக்கீடு, லினாக்கின் பதிவுக் கோப்பு ஆகியவற்றை வைத்துச் சரிபார்த்தால் போதும்? 4 ஆண்டு முடிவுகள் உங்கள் துறைக் கணினியில் இருக்கின்றன. வேண்டுமென்றே கதிருக்கு வடிவம் தரும் தகடுகளின் (லீஃப்) நிலையில் 1 மி.மீ., நோயாளியைச் சுற்றும் இயந்திரக் கையின் (கேன்ட்ரி) கோணத்தில் 1 டிகிரி என்று பிழை புகுத்தி, எந்த முறை எதைக் கண்டுபிடிக்கிறது என்று சோதிக்கலாம். உங்கள் துறைத் தலைவரே நாளைக்குப் பயன்படுத்தக்கூடிய பதில் கிடைக்கும். இதையே தலைப்பாக எடுங்கள் என்று சொல்லவில்லை. இதில் ஏற்கனவே நிறைய வேலை நடந்திருக்கிறது, உங்கள் பங்கு எது என்று கண்டுபிடிக்கவே படிப்பு தேவைப்படும். அந்தப் பேராசிரியர் தரும் தலைப்பைவிட இதில் உங்களுக்கு உரிமை அதிகம் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு இருந்தால் இன்னொரு கேள்வியையும் பாருங்கள். கதிரியக்க மருந்தை உடலுக்குள் செலுத்தும் லூட்டீசியம்-177 சிகிச்சையில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 7.4 கிகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்று எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்கிறார்கள். சிறுநீரகம் உண்மையில் வாங்கும் டோஸ் ஆளுக்கு ஆள் வேறுபடும். வெளிக்கதிர் சிகிச்சையில் இப்படி அளக்காமல் கொடுக்க நாம் சம்மதிப்போமா? அளப்பதென்றால் நோயாளியைப் பல நாட்களில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும். ஐசோடோப்பின் அரை ஆயுளே சுமார் 6.6 நாள். ஒரே ஒரு ஸ்கேனில் எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும், எந்த நாளில் எடுக்க வேண்டும், பிழை எங்கே நுழைகிறது? இது சுத்தமான இயற்பியல், அதேசமயம் நேராக நோயாளியைத் தொடும் விஷயம். இந்தப் பக்கம் ஆட்கள் குறைவு.

இனி அந்தச் செயற்கை நுண்ணறிவுத் தலைப்பு. எனக்கு அந்தத் துறைமேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் உறுப்பு வரையும் மென்பொருள்கள் விலைக்கு வாங்கி மாட்டும் நிலைக்கு வந்துவிட்டன. படத்தில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் யு-நெட் என்ற செயற்கை நரம்பு வலையமைப்பு வந்தது 2015இல். ஒரே மருத்துவமனையின் சில நூறு சிடிக்களை அதன் ஏதோ ஒரு வடிவத்தில் ஊட்டி, டைஸ் எண் (மென்பொருள் வரைந்ததும் மனிதர் வரைந்ததும் எவ்வளவு ஒன்றுகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் 1) 0.9 வந்தது என்று எழுதும் கட்டுரைகளை நான் மதிப்பாய்வு செய்து அலுத்துவிட்டேன். அவற்றில் அடிக்கடி தென்படும் கோளாறு, ஒரே நோயாளியின் படங்களில் சில துண்டுகள் பயிற்சித் தொகுப்பிலும் சில துண்டுகள் சோதனைத் தொகுப்பிலும் போய்விடுவது. அப்போது எண் அழகாக வரும், பக்கத்து மருத்துவமனையின் சிடியைக் கொடுத்தால் சரிந்துவிடும். டைஸ் எண்ணுக்கே ஒரு வஞ்சம் உண்டு. கல்லீரல் போன்ற பெரிய உறுப்பில் ஓர் ஓரத்தில் 1 செ.மீ. தவறினாலும் எண் உயரமாகவே நிற்கும். பார்வை நரம்புச் சந்திப்பு போன்ற சிறிய உறுப்பில் 1 மி.மீ. தவறினால் தலைகுப்புற விழும். சிகிச்சைக்கு எது ஆபத்து என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

அதே தலைப்பை உங்கள் பக்கம் திருப்ப வழி இருக்கிறது. மென்பொருள் வரைந்த கோட்டில் எந்தப் பிழை டோஸில் மாற்றம் உண்டாக்கும், எந்தப் பிழையைத் திருத்தாமல் விடலாம்? மருத்துவர் எத்தனை கோடுகளைப் பார்க்காமலே ஒப்புக்கொள்கிறார்? மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் எதை வைத்துச் சோதிப்பது? பேராசிரியர் இதற்கு இசைந்தால் நல்லது. “அதெல்லாம் வேண்டாம், நான் சொல்வதைச் செய்” என்றால் அவருக்குத் தேவை மாணவி அல்ல, ஓர் உதவியாளர்.

மறுபக்கத்தில் ஃபிளாஷ் சிகிச்சை போன்ற கவர்ச்சியான தலைப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். மிக வேகமாக டோஸ் கொடுத்தால் நல்ல திசு குறைவாகப் பாதிக்கப்படுகிறது என்று 2014இல் எலிகளில் காட்டப்பட்ட பிறகு இது சூடுபிடித்தது. வழக்கமான சிகிச்சையில் நிமிடத்துக்குச் சில கிரே (டோஸின் அலகு) போகும் டோஸ், இங்கே விநாடிக்கு 40 கிரேக்கும் மேல் போகிறது. அந்த வேகத்தில் டோஸ் அளக்க நாம் நம்பும் அயனி அறையே திணறிவிடுகிறது: உண்டான அயனிகள் சேகரிக்கப்படும் முன்பே மறுபடி ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அருமையான ஆய்வுக்களம். ஆனால் அந்தக் கதிர் வரும் இயந்திரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமே! எந்தத் தலைப்பானாலும், கருவியும் தரவும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதை முதல் நாளே பாருங்கள். இல்லாவிட்டால் ஆய்வேடு முழுக்க, துகள்களின் போக்கைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் மான்டே கார்லோ கணக்கீடாகவே முடியும். அதில் இழிவு எதுவும் இல்லை. அதற்கான மென்பொருள்களான இஜிஎஸ்என்ஆர்சி, ஜியான்ட்4 இரண்டில் ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓர் அளவீட்டோடும் ஒப்பிடாத கணக்கீட்டைத் தேர்வாளர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பகுதிநேரம் பற்றி. உங்களுக்கே தெரியும், லினாக் பகலில் நோயாளிகளுடையது. உங்கள் அளவீட்டுக்கு மாலை 7 மணிக்குமேல் அல்லது விடுமுறை நாளில்தான் அது கிடைக்கும், அன்றைக்கென்று பழுதானால் அதுவும் போச்சு. பகலில் முழு வேலை பார்த்துவிட்டு இரவில் ஆய்வு செய்யலாம் என்று தொடங்குகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே தளர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர், அவர்களுடைய வாரத்தில் ஆய்வுக்கு என்று நாளே இருந்ததில்லை. அதனால் வாரத்தில் ஒரு முழு நாளாவது ஆய்வுக்கு என்று மருத்துவமனை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாக “பார்த்துக்கலாம்” என்பது போதாது. சக ஊழியர் ஒருவர் நீண்ட விடுப்பில் போகும்போது முதலில் பறிபோவது அந்த நாள்தான். எத்தனை மணி நேரம் இயந்திரம், எந்தக் கருவிகள், பழைய தரவுகளைப் பயன்படுத்த அனுமதி, கட்டுரையில் யார் பெயர் எங்கே – இவற்றையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் ஏற்பாட்டில் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

முழுநேரம் போனால் கவனம் சிதறாது. ஆனால் உதவித்தொகையில் காலம் தள்ள வேண்டியிருக்கும், கை மருத்துவமனை வேலையை மறக்கத் தொடங்கும். பல பல்கலைக்கழகங்களில் துறையும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அப்படி ஓர் இடம் கிடைத்தால் முழுநேரமே மேல். பதிவு அல்லது உரிமம் புதுப்பிக்கத் தொடர் பணி அனுபவம் கேட்கும் நாடாக இருந்தால், சேர்வதற்கு முன் ஒழுங்குமுறை அமைப்பின் விதியைப் படித்துவிடுங்கள். திரும்பி வரும்போது தடுமாறக்கூடாது.

நோயாளித் தரவு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. அதற்கே பல மாதம் பிடிக்கும், எனவே சேர்ந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். “தினமும் நான் பார்க்கும் தரவுதானே” என்ற எண்ணம் வேண்டாம். சிகிச்சைக்காகப் பார்ப்பதும் ஆய்வுக்காக எடுப்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்பில் பெயரை அழித்தால் மட்டும் அடையாளம் போய்விடாது. கோப்பின் விவரப் பகுதியில் ஒளிந்திருக்கும் எண்களும் தேதிகளும் ஆளைக் காட்டிவிடும். ஏன், தலையை எடுத்த சிடியிலிருந்து முகத்தையே மீட்டுவிட முடியும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். அவருடைய கட்டுரைப் பட்டியலைப் பார்க்காதீர்கள், அவருடைய பழைய மாணவர்களிடம் பேசுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், நடுவில் விட்டுப்போனவர்கள் யார், எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வந்தது, முதல் ஆசிரியராக யார் பெயர் போனது? தயங்காமல் கேளுங்கள், சொல்வார்கள். சொல்லத் தயங்கினால் அதுவும் பதில்தான். கணினித் துறைப் பேராசிரியர் என்றால், மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் இணை நெறியாளராக இருக்க வேண்டும். இரண்டு துறைக்கு நடுவே விழும் மாணவரைத் தூக்கிவிட ஆள் இருக்காது.

சேர்வதற்கு முன் படிக்க வேண்டியது என்று பெரிய பட்டியல் தரப்போவதில்லை. புள்ளியியலும் அளவீட்டு நிச்சயமின்மையும் மட்டும் போதும், ஏனென்றால் நம் துறையில் பலவீனமான இடம் இதுதான். டோஸ் அளப்பதற்கான சர்வதேச அணுசக்தி முகமையின் டிஆர்எஸ்-398 நெறிமுறையைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் உயர் ஆற்றல் ஃபோட்டான் கதிரில் நீரில் அளக்கும் டோஸின் நிச்சயமின்மை சுமார் 1.5 சதவீதம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. அப்படியிருக்க, “என் முறையில் துல்லியம் 0.4 சதவீதம் கூடியது” என்று ஒருவர் எழுதினால் என்ன அர்த்தம்? ஒப்பீட்டளவில் அது உண்மையாகவும் இருக்கலாம், வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். எது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவில் தூக்கம் வரும்.

சித்தி மகன் விஷயம். வரலாம், நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். துகள் இயற்பியலாளர்களுக்கு டிடெக்டரும் மான்டே கார்லோவும் பழகியவை. ஜியான்ட்4 பிறந்ததே அந்தத் துறையில்தான். புரோட்டான் சிகிச்சைக்கான யோசனையை 1946இல் முன்வைத்த ராபர்ட் வில்சனும் அணுகுண்டுத் திட்டத்திலிருந்து வந்த முடுக்கி இயற்பியலாளரே. ஆனால் டாக்டர் பட்டத்தோடு வருவதால் நேராக மருத்துவமனையில் உட்காரலாம் என்று அவர் நினைக்கக் கூடாது. அமெரிக்கா, கனடாவில் இயற்பியல் பிஎச்.டி. முடித்தவர்களுக்காக அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. கதிரியல் இயற்பியலும் டோஸ் அளவியலும் (டோசிமெட்ரி), கதிர்ப் பாதுகாப்பு, படமெடுப்பு, கதிர் உயிரியல், உடற்கூறும் உடலியலும், கதிர் சிகிச்சை இயற்பியல் ஆகியவை அதன் அடிப்படைப் பாடங்கள். அதன்பின் மற்றவர்களைப் போலவே ரெசிடென்சிக்குப் போட்டியிட வேண்டும். இடங்கள் குறைவு. மற்ற நாடுகளில் இரண்டாவதாக ஒரு முதுகலை கேட்கலாம். அதற்கு முன் ஏதாவது ஒரு கதிர் சிகிச்சைப் பிரிவில் சில நாள் ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். நேரக்கெடுவும், தொலைபேசியும், பக்கத்து அறையில் காத்திருக்கும் நோயாளியும் சேர்ந்த சூழல் எல்லோருக்கும் ஒத்துவராது. ஆய்வு மட்டும் போதும் என்றால் பயிற்சியே இல்லாமல் ஒரு மருத்துவ இயற்பியல் ஆய்வுக்குழுவில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக (போஸ்ட்டாக்) சேரலாம், அதுவும் மரியாதையான வழி.

வயது 31 ஒரு பொருட்டே அல்ல. 4 ஆண்டு அனுபவம் இல்லாமல் 23இல் தொடங்குகிறவருக்கு எது கேள்வி என்று தெரியவே இரண்டு ஆண்டு போய்விடுகிறது.

அடுத்து செய்ய வேண்டியது: பேராசிரியருக்கு உடனே பதில் சொல்லாதீர்கள், மூன்று மாதம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் பழைய தரச் சோதனை முடிவுகளில் எந்தத் திட்டங்கள் தவறின, ஏன் தவறின என்று வகைப்படுத்திப் பாருங்கள். துறையின் உள் தணிக்கையாக இதைச் செய்ய வேண்டும், அதனால் துறைத் தலைவரின் எழுத்துபூர்வ ஒப்புதலை முதலில் வாங்கிவிடுங்கள். முடிவைப் பின்னால் வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவையும் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். உருப்படியாக ஏதாவது தென்பட்டால் ஒரு சிறு தொழில்நுட்பக் குறிப்பாக எழுதி, மருத்துவமனை வேலைக்கு நெருக்கமான கட்டுரைகளை வெளியிடும் ‘ஜர்னல் ஆஃப் அப்ளைட் கிளினிக்கல் மெடிக்கல் ஃபிசிக்ஸ்’ போன்ற இதழுக்கு அனுப்பலாம். வெளியீட்டுக் கட்டணம் இருக்கிறதா என்பதை மட்டும் அனுப்பும் முன் பார்த்துவிடுங்கள். எதுவும் தென்படாவிட்டாலும் பேராசிரியரோடு பேச உங்கள் கையில் சொந்த எண்கள் இருக்கும். அந்தப் பேச்சு எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள். துறைத் தலைவரை இணை நெறியாளராக்க முடியுமா என்பதையும் விசாரித்து வையுங்கள்.